போஸ்ஜாடா தீவுக்குக் காரைக் கொண்டுபோகாதீர்கள்

துருக்கியின் போஸ்ஜாடா தீவுக்குக் கோடையில் போகிறவர்கள் காரை எதிர்க்கரையிலுள்ள கெயிக்லி துறைமுகத்திலேயே நிறுத்திவிட்டு, கார் இல்லாமல் படகில் ஏறிவிடுங்கள். வார இறுதிகளில் கார்களுக்கான வரிசைதான் மணிக்கணக்கில் நீளும். நடந்து வருபவர்கள் நேராக ஏறிவிடலாம். கட்டணமும் குறைவு. படகுப் பயணம் ஏறத்தாழ அரை மணி நேரம்.

தீவு சிறியது, சுமார் 40 சதுர கிலோமீட்டருக்குள்தான். படகை விட்டு இறங்கியதுமே கோட்டை. அதையொட்டி, ஒரு காலத்தில் கிரேக்கர்களும் துருக்கியர்களும் அடுத்தடுத்து வாழ்ந்த பழைய தெருக்கள். அந்தக் குறுகிய கல் பாவிய சந்துகளில் கார் ஒரு சுமையே. அயாஸ்மா கடற்கரைக்குக் கோடையில் ஊரிலிருந்து மினிபஸ் ஓடுகிறது, வழியெல்லாம் திராட்சைத் தோட்டங்கள். அயாஸ்மா தெற்குக் கரையில் இருப்பதால், கோடையில் பலமாக வீசும் 'போய்ராஸ்' என்ற வடகிழக்குக் காற்று அங்கே அவ்வளவாகத் தாக்காது. தண்ணீர் மட்டும் சில்லென்றுதான் இருக்கும்.

இந்த யோசனை குளிர்காலத்துக்குப் பொருந்தாது. அப்போது மினிபஸ்ஸை நம்ப முடியாது, கார் வரிசையும் இராது. கைக்குழந்தையோ நடக்கச் சிரமப்படும் முதியவரோ உடன் வந்தாலும் காரே நல்லது. மேற்கு முனையில் போலெண்டே கலங்கரை விளக்கத்தருகே சூரிய அஸ்தமனம் பார்க்க விரும்பினால், திரும்பி வர வண்டி உண்டா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.