பிரிட்டனில் படிக்கப் போகிறீர்களா? கத்தியைவிட போனுக்குப் பயப்படுங்கள்

ஊரில் யாரைக் கேட்டாலும் "ராத்திரியில் தனியாகப் போகாதே, அங்கே கத்திக்குத்து நடக்குதாம்" என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். தப்பில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே நம் பிள்ளைகளைப் படுத்தி எடுப்பது பெரும்பாலும் இருட்டுச் சந்து இல்லை, விசா போய்விடுமோ என்கிற பயம்தான். அந்தப் பயத்தை வைத்துத்தான் பணம் பிடுங்குகிறார்கள்.

"ஹோம் ஆபீஸிலிருந்து பேசுகிறோம்" என்று, அதாவது விசாவைப் பார்த்துக்கொள்ளும் பிரிட்டன் உள்துறை அமைச்சகத்தின் பெயரில், ஒரு போன் வரும். உங்கள் பெயர், கல்லூரி எல்லாம் சரியாகச் சொல்வார்கள், திரையில் தெரியும் எண்கூட நிஜமான அலுவலக எண்ணாகவே இருக்கும், உடனே அபராதம் கட்டாவிட்டால் நாடு கடத்திவிடுவோம் என்று மிரட்டுவார்கள். ஹோம் ஆபீஸ் போனில் கூப்பிட்டுப் பணம் கேட்காது. லைனை கட் பண்ணாதே, யாரிடமும் சொல்லாதே என்று சொன்னாலே போலி, மரியாதையெல்லாம் பார்க்காமல் வைத்துவிடுங்கள். ஒருவேளை பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் உடனே 159 அழையுங்கள், பெரும்பாலான வங்கிகளுக்கு அந்த எண்ணே இணைத்துவிடும். விசா சந்தேகத்துக்குப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திலேயே இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

இதைவிட மோசம், நம்ம ஊர்க்காரரே செய்வது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் வருவார்: "ஃபீஸை நான் பவுண்டில் கட்டிவிடுகிறேன், நீ கம்மி ரேட்டில் ரூபாயாகக் கொடு." திருட்டு கார்டில் கட்டுவார். கட்டியாச்சு என்று ரசீதும் வரும், நீங்கள் ரூபாயை அனுப்பிவிடுவீர்கள், சில வாரம் கழித்து கார்டின் சொந்தக்காரர் புகார் கொடுத்ததும் அந்தப் பணம் திரும்பிப் போய்விடும், ஃபீஸ் பாக்கி உங்கள் தலையில் நிற்கும்.

அதே மாதிரி, "உன் அக்கவுண்டில் கொஞ்சம் பணம் போடுகிறேன், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பு" என்பவருக்குத் தலையாட்டாதீர்கள். சட்டப்படி அது கறுப்புப் பண மாற்று, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. சிறைக்குப் போகாவிட்டாலும் சிஃபாஸ் என்கிற மோசடித் தடுப்புப் பதிவில் பெயர் ஏறினால் 6 ஆண்டு வரை நிற்கும். புதுக் கணக்குத் திறப்பது, போன் கான்ட்ராக்ட் எடுப்பது எல்லாமே கஷ்டம். படிப்பு முடிந்து கிளம்பும்போது அக்கவுண்டை விற்றுவிட்டுப் போ என்று கேட்பவரும் இதே கூட்டம்தான்.

வீடு விஷயத்தில் ஒரே பிடிவாதம் போதும்: யாராவது நேரில் பார்க்கும் வரை ஒரு பவுண்டுகூடக் கொடுக்காதீர்கள். சீனியர் ஒருவரை அனுப்புங்கள், அல்லது முதல் வருடம் விடுதியே எடுங்கள். இங்கிலாந்தில் சாதாரண வாடகை வீட்டுக்கு டெபாசிட்டாக 5 வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். வீட்டு ஓனரும் அதே வீட்டில் குடியிருந்தால் டெபாசிட்டைத் திட்டத்தில் போடும் கட்டாயம் பொதுவாகப் பொருந்தாது, அதைப் பலர் கவனிப்பதில்லை. கேஸ் பாய்லர் இருந்தால் அந்த வருடத்துச் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது.

வேலை: பட்டப்படிப்பு, மாஸ்டர்ஸ் மாணவர்களுக்குப் பொதுவாகக் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். மாஸ்டர்ஸ் மாணவர்களே, கோடையில் ஆய்வறிக்கை எழுதும் மாதங்கள் விடுமுறைக் கணக்கில் வராது, அப்போதும் அதே 20 மணி நேரம்தான். கையில் காசு தருகிறேன், கணக்கில் காட்ட வேண்டாம் என்கிற கடைக்காரர் நாளைக்குச் சம்பளம் தராவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

போன முதல் வாரமே பக்கத்து ஜிபி (பொது மருத்துவர்) கிளினிக்கில் பதிவு செய்யுங்கள். விசாவுக்கே ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள், காய்ச்சலைப் பாராசிட்டமாலில் ஓட்டாதீர்கள். உயிர் ஆபத்து என்றால் 999, அவசரமில்லாத போலீஸ் விஷயத்துக்கு 101, இங்கிலாந்தில் மருத்துவ ஆலோசனைக்கு 111. பேச முடியாத நிலையில் மொபைலிலிருந்து 999 அழைத்தால், கேட்கும்போது 55 அழுத்துங்கள், போலீசுக்கு இணைப்பார்கள். மனசு சரியில்லாத ராத்திரியில் 116 123, சமாரிட்டன்ஸ் என்கிற தொண்டு அமைப்பு, எந்த நேரமும் பேசலாம், காசில்லை.

லண்டனில் நடைபாதை ஓரமாக நின்று மேப் பார்க்காதீர்கள், பைக்கில் வந்து போனைப் பறித்துப் போவார்கள். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை (உங்கள் போனின் அடையாள எண்) வேறெங்காவது எழுதி வையுங்கள்.

அப்புறம், வீட்டில் அம்மா அப்பாவிடம் ரூம்மேட் எண்ணையும் பல்கலைக்கழக செக்யூரிட்டி எண்ணையும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் பிள்ளையைக் கைது செய்துவிட்டோம் என்று யாராவது அவர்களுக்கு போன் போட்டால், பணம் அனுப்புவதற்கு முன் அங்கே கேட்கட்டும்.