காணிக்கு நெருப்பு வைப்பதற்கு முன்

யாழ்ப்பாணத்தில், ஆவணி வெயிலில் பனங்கூடல், அதாவது பனந்தோப்பு, ஒன்று எரிந்துவிட்டால் எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். மெல்பேணில் இருக்கும் மருமகன் தொலைபேசியில் வருவான். "மாமா, இங்கே காடு பெரிதாக எரியக்கூடாது என்று முன்கூட்டியே சிறிதாக எரித்துவிடுகிறார்கள். அங்கேயும் அப்படிச் செய்தால் என்ன?" என்பான். திண்ணையில் இருக்கும் என் தமையனாருக்கு அது காதில் விழுந்தாலே போதும். காணிக்கு நெருப்பு வைப்பவனைப் பொலிஸில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று தொடங்குவார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தக் காணி, எந்தக் காற்று, கீழே கிடப்பது என்ன என்று இருவருமே கேட்பதில்லை. நம்மவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்விகளை விட்டுவிடுவதால் வருபவை.

முதல் தவறு, வெளிநாட்டு வாதத்தை வேரோடு பிடுங்கி இங்கே நடுவது. அவுஸ்திரேலியாவின் பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் குளிர்ந்த காலம் பார்த்து, திட்டுத் திட்டாக, தாழ்ந்த தீயால் புல்லையும் சருகையும் எரித்து வந்தவர்கள். 2009 பெப்ரவரி 7ஆம் திகதி விக்டோரியா மாநிலத்தில் தீயில் 173 பேர் இறந்த பிறகு, அரச நிலத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 5 சதவீதத்தை முன்கூட்டியே எரிக்க வேண்டும் என்று விசாரணை ஆணைக்குழு பரிந்துரைத்தது. சில ஆண்டுகளில் அந்தக் கணக்கு கைவிடப்பட்டது. எத்தனை ஏக்கர் எரித்தோம் என்று எண்ணினால், ஆளில்லாத தூரத்துக் காட்டை எரித்தும் இலக்கை நிரப்பிவிடலாம்; வீடுகளுக்கு அருகே இருக்கும் ஆபத்து அப்படியே கிடக்கும். அதனால் ஆபத்து எவ்வளவு குறைந்தது என்று அளக்கத் தொடங்கினார்கள். மருமகன் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

குடாநாட்டில் அப்படிப்பட்ட காடு எங்கே இருக்கிறது? மணற்காட்டுச் சவுக்கங்காட்டை விட்டால், நம்மிடம் எரிவது பனங்கூடலும், ஆளில்லாத வளவும், தரிசுப் புல்லும்தான். நாலு பரப்புக் காணி, அதாவது கால் ஏக்கர், சுற்றிவர வீடுகள், மேலே மின்கம்பி. தீ கை மீறினால் பின்வாங்கி நின்று மறிக்க அங்கே இடமே இல்லை. அத்தகைய வளவில் நெருப்பு வைத்துவிட்டு அதைக் 'கட்டுப்படுத்திய எரிப்பு' என்று சொல்வது பெயருக்குச் செய்யும் அநியாயம்.

இரண்டாவது தவறு, பனைக்கு நெருப்பு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை. ஊரில் இது வேதவாக்கு. நிலத்தோடு ஓடும் புல்தீயை வளர்ந்த பனை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் பனைக்கு உயிர் உச்சியிலுள்ள ஒரே குருத்தில் இருக்கிறது. வெட்டாமல் விட்ட காவோலைகள், அதாவது காய்ந்த பனையோலைகள், மரத்தைச் சுற்றித் தொங்கும்போது, நிலத்துத் தீக்கு அவை ஏணி. குருத்து வெந்துவிட்டால் பக்கக் கிளை விட்டுப் பிழைக்கும் மரம் இது இல்லை. வடலியின், அதாவது இளம் பனையின், நிலை இன்னும் மோசம்: மட்டையெல்லாம் உடம்போடு ஒட்டியிருக்க, குருத்தும் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். பற்றினால் பந்தம்.

என் சின்ன வயதில் காவோலை நிலத்தில் கிடந்து நான் பார்த்ததில்லை. வேலியடைக்கப் போகும், அடுப்புக்குப் போகும், மிஞ்சியது புகையிலைத் தோட்டத்து மண்ணில் பசளையாகத் தாழ்க்கப் போகும். இன்று வேலி மதிலாகிவிட்டது, அடுப்புக்குக் காஸ் வந்துவிட்டது, மரமேற ஆள் இல்லை. ஓலை மட்டும் முன்பு போலவே காய்ந்து விழுகிறது. எரிப்பதா வேண்டாமா என்று சண்டை பிடிப்பவர்கள் இந்த ஓலைக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

மூன்றாவது தவறுதான் மிகவும் கெட்டது: சோளகம் எனும் தென்மேல் காற்று வீசும் காலத்தில் எரிப்பது. மாரிக்கு முன் காணி துப்பரவாக வேண்டும் என்று ஆடி, ஆவணியில், அதுவும் பின்னேரம் பார்த்து நெருப்பு வைப்பார்கள். காய்ந்த புல் ஈரம் விட ஒரு மணிநேர வெயில் போதும். தெரிந்து எரிப்பவர்கள் எல்லா நாட்டிலும் சற்று ஈரமும் மெல்லிய, திசை மாறாத காற்றும் பார்த்து, தீ காற்றுக்கு எதிராக ஊர்ந்து வரும்படி வைப்பார்கள். நாங்கள் காற்று வரும் பக்கத்தில் வைத்து, நன்றாகப் பிடித்துவிட்டது என்று மகிழ்கிறோம். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் அப்படி ஒரு குவியலைக் கொளுத்தினார். குவியல் ஒழுங்காகத்தான் எரிந்தது. அதிலிருந்து ஒரு பன்னாடை, விளிம்பெல்லாம் சிவந்து, வலைத்துண்டு போல மேலே எழும்பி, மதிலைத் தாண்டி, மூன்றாவது வளவின் மாட்டுக்கொட்டில் கூரையில் போய் இருந்தது. பின்னிய தென்னோலைக் கிடுகு. பச்சை வேப்பங்கொப்பால் அடித்து அணைத்தோம். மாடு அன்று பால் தரவில்லை.

தண்ணீர் ஊற்றியாயிற்று, அணைந்துவிட்டது என்று போய்விடுவது அடுத்தது. 2022இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் வனத்துறையினரே வைத்த தீ கைமீறி 3,40,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. ஒன்றாகச் சேர்ந்து அந்தப் பெருந்தீயான இரண்டு தீகளில் ஒன்று, சனவரியில் எரித்த கிளைக்குவியலிலிருந்து வந்தது. பனி பெய்து மூடிய பிறகும் அடியில் கனன்றுகொண்டிருந்து ஏப்ரலில் எழுந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கே இந்தக் கதி. இங்கே உள்ளே உக்கிய பனங்குற்றி அதே வேலையைச் செய்யும். மேலே சாம்பல் ஆறியிருக்கும், உள்ளே குற்றியின் சோறு, அதாவது மென்மையான நடுப்பகுதி, கனலும். நான் இரண்டு வாளி ஊற்றிவிட்டுப் படுத்த குற்றி ஒன்று மூன்றாம் நாள் காலை புகைந்தது. மண்வெட்டியால் கிளறி, ஊற்றி, மறுபடி கிளறி, புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்த பிறகே விட வேண்டும்.

நமக்கென்றே ஒரு தவறு இருக்கிறது, எந்த வெளிநாட்டு வாதத்திலும் வராதது. போரினால் நீண்ட காலம் இராணுவத்தின் கையில் மூடிக் கிடந்து விடுவிக்கப்பட்ட வலிகாமம் வடக்குக் காணிகளிலும், போர்முனையாக இருந்த முகமாலை, கிளாலி, நாகர்கோவில் பக்கத்திலும் பற்றை அழிக்க நெருப்பு வைப்பது. புல்லுக்குள் கிடக்கும் பழைய வெடிபொருள் சூட்டில் வெடிக்கலாம். எரித்தால் எல்லாம் வெடித்துத் தீர்ந்துவிடும், பிறகு பயமில்லை என்று சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். வெடிக்காமல் மிஞ்சியது என்ன நிலையில் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அங்கே தீப்பெட்டியை எடுக்கவே கூடாது. சந்தேகமான எதையும் கண்டால் தொடாமல் 119 என்ற பொலிஸ் எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

சாம்பல் பசளை என்ற கதையும் உண்டு. சாம்பலில் பொட்டாசியம் இருக்கிறது. நைதரசனின் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. சுண்ணாம்புக்கல்லின் மேல் மெல்லியதாகக் கிடக்கும் நம் செம்மண்ணுக்கு வேண்டியது உக்கல், அதாவது மக்கிய இலைகுழை.

எரிக்காமல் குறைக்கும் வழிகளிலும் பிழை விடுகிறோம். பற்றையை வெட்டி வேலியோரம் குவித்துவிட்டு வருவது ஆபத்தைக் குறைப்பதில்லை, ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறது. ஆடு புல்லை மேயும், காவோலையை மேயாது. என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியவை இரண்டே: கொக்கச்சத்தகம் (நீண்ட தடியில் கட்டிய வளைந்த கத்தி) எட்டும் உயரம் வரை தொங்கும் ஓலையை இறக்குவது, எல்லையைச் சுற்றி, புல் செதுக்கும் உழவாரத்தால் மண் தெரியச் செதுக்கி வைப்பது. இரண்டையும் மழைக்காலப் புல் காயத் தொடங்கும் மாசி, பங்குனியிலேயே முடித்துவிட வேண்டும். ஆவணியில் உழவாரத்தோடு போனால் நிலம் கல்.

இந்த ஒழுங்கையில் மிக அதிகமாக ஓலை குவிந்து கிடப்பது யாருடைய காணியில் தெரியுமா? மெல்பேண் மருமகனுடைய நாலு பரப்பில்தான். போன கிழமை அதைப் படமெடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் கூலிக்குக் காசு வந்தது. ஓலையைத் தோட்டத்தில் தாழ்க்கத் தான் ஏற்றிப் போவதாகப் பக்கத்துப் புகையிலைக்காரர் சொல்லியிருக்கிறார். வண்டிக்கூலி யார் கொடுப்பது என்பதில்தான் பேச்சு நிற்கிறது.