ஸ்க்ரோல் பெட்டிக்குள் வரைபடங்கள் நசுங்காமல் இருக்க

பைத்தானில் ஜன்னல் நிரல்கள் எழுத உதவும் பைக்யூட்டியில் (PyQt), பத்துப் பன்னிரண்டு மேட்பிளாட்லிப் (matplotlib, வரைபடம் வரையும் நூலகம்) வரைபடங்களை ஸ்க்ரோல் ஏரியாவுக்குள் அடுக்குகிறீர்களா? ஒவ்வொரு கான்வாஸுக்கும் (வரைபடம் வரையப்படும் பரப்பு) 300 பிக்சல் குறைந்தபட்ச உயரம் கொடுத்துவிடுங்கள்.

கான்வாஸ் தானாகக் கேட்கும் குறைந்தபட்ச அளவு வெறும் 10 பிக்சல்தான். அதனால் ஸ்க்ரோல் ஏரியாவில், உள்ளடக்கத்தை ஜன்னல் அளவுக்கு மாற்றும் 'விட்ஜெட் ரீசைசபிள்' (widgetResizable) அமைப்பு ட்ரூ என்றிருந்தால், எல்லாமே ஜன்னல் உயரத்துக்குள் நசுங்கி, அச்சு எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்; ஸ்க்ரோல் பாரும் வராது. உயரத்தைக் கட்டிவிட்டால் சுருங்க வழியில்லை, ஸ்க்ரோல் பார் வந்துதான் ஆக வேண்டும்.

அப்புறம், வரைபடத்தின் மேல் மவுஸ் சக்கரத்தைச் சுழற்றினால் பக்கம் நகராது. கான்வாஸ் அந்தச் சுழற்சியை விழுங்கிவிடும். கான்வாஸின் வீல் ஈவென்ட்டில் (wheelEvent) இக்னோர் (event.ignore()) போட்டால், சுழற்சி ஸ்க்ரோல் ஏரியாவுக்குப் போய்ச் சரியாகும். ஆனால் சக்கரத்தால் ஜூம் செய்யும் வரைபடங்களுக்கு இது ஒத்துவராது.

நூற்றுக்கணக்கில் வரைபடம் இருந்தால் இந்த வழியே வேண்டாம், நினைவகம் தாங்காது.