எலெக்ட்ரிக் கார் எவ்வளவு நம்பகமானது? நாமே அளந்து ஒப்பிடும் முறை

போன வருடம் மச்சானுக்காகப் பழைய எலெக்ட்ரிக் கார் ஒன்று தேடினோம். கடைசியில் இரண்டு மாடல்கள் மிஞ்சின. விசாரித்தபோது ஒருவர், "அந்த வண்டிப் பக்கமே போகாதீங்க" என்றார். அதே வண்டியை வைத்திருக்கும் இன்னொருவர், "மூணு வருஷம் ஆச்சு, ஒரு குறை இல்ல" என்றார். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனால் அதை வைத்து லட்சக்கணக்கில் பணம் போட முடியாது. அதனால் ஒன்றரை மாதம் உட்கார்ந்து நானே கணக்கெடுத்தேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்ப்ரெட்ஷீட்டில் கூட்டவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

படி 1: எது பழுது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2023இல் வெளியிட்ட கணக்கில், எலெக்ட்ரிக் கார்களில் பெட்ரோல் கார்களைவிட 79 சதவீதம் அதிகப் பிரச்சினைகள் இருந்தன. அடுத்த வருடம் அது 42 சதவீதமாகக் குறைந்தது. ஜெர்மனியின் ஏடிஏசி வாகன சங்கம் 2024ஆம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்கு இதற்கு நேர்மாறு. 2020 முதல் 2022 வரை பதிவான வண்டிகளில், எலெக்ட்ரிக் என்றால் ஆயிரத்துக்கு 4.2 பழுதுகள், பெட்ரோல், டீசல் என்றால் 10.4.

யார் சொல்வது சரி? இரண்டுமே சரி. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் உரிமையாளர்களிடம், "என்னென்ன தொல்லை?" என்று கேட்கிறது. திரை உறைந்தது, கதவு சத்தம் போட்டது, எல்லாம் அதில் வரும். ஏடிஏசியோ, சாலையில் நின்றுபோய் உதவி கேட்டவர்களை மட்டும் எண்ணுகிறது. ஜெர்மனியிலேயே டியூஃப் என்ற வாகனப் பாதுகாப்புச் சோதனை மூன்றாவது ரகம். அங்கே பிரேக், சஸ்பென்ஷன், விளக்கு எல்லாம் பார்ப்பார்கள். எலெக்ட்ரிக் காரில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக்குக்கு வேலை குறைவு. டிஸ்க் துருப்பிடித்துச் சோதனையில் தோற்கும். நடுவழியில் ஒருநாளும் நிற்காத வண்டிகூட அங்கே தோற்கலாம்.

ஆகவே ஸ்ப்ரெட்ஷீட்டில் மூன்று பத்திகள் (column) போடுங்கள்: வண்டி நின்றது, ஓடியது ஆனால் சர்வீஸ் சென்டர் போக வேண்டியிருந்தது, வெறும் எரிச்சல் (ஆப், திரை, ப்ளூடூத்). மூன்றையும் கூட்டவே கூட்டாதீர்கள்.

ஒரு நாள் காலையில் என் வண்டியின் கதவே திறக்கவில்லை. சாவியை அழுத்தினால் சத்தம் இல்லை, விளக்கு இல்லை. முந்தின இரவு, வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரியில் 72 சதவீதம் சார்ஜ் இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் படுத்திருந்தேன். சாவிக்குள் மறைந்திருக்கும் இரும்புச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, பக்கத்து வீட்டு ஆல்டோவிலிருந்து ஜம்பர் ஒயர் போட்ட பிறகுதான் உயிர் வந்தது. செத்துப்போயிருந்தது முன்னால் இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி. ஏடிஏசி கணக்கிலும் எலெக்ட்ரிக் கார் பழுதுகளில் ஏறத்தாழ பாதிக்கு இதுதான் காரணம். இது "நின்றது" பத்தியில்தான் போக வேண்டும். சின்ன பேட்டரிதானே என்று விட்டுவிடாதீர்கள்.

படி 2: ஆட்களைத் தேர்ந்தெடுத்த பிறகு கேளுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் "யாருக்காவது பிரச்சினை இருக்கா?" என்று போட்டால், பிரச்சினை இருப்பவர்தான் பதில் போடுவார். முதலில் பட்டியல், அப்புறம்தான் கேள்வி. நெடுஞ்சாலை சார்ஜிங் நிலையங்களில் அந்த மாடலோடு நின்ற எல்லாரிடமும் நம்பர் வாங்கிக்கொண்டேன். பிறகு ஒருவர் விடாமல் ஒரே கேள்விகளைக் கேட்டேன்: வாங்கிய மாதம், ஓடிய கிலோமீட்டர், மூன்று பத்திகளின் எண்ணிக்கை, வண்டி கையில் இல்லாமல் போன நாட்கள். "வண்டி எப்படி, நல்லா இருக்கா?" என்று கேட்கவே வேண்டாம். காசு போட்டு வாங்கியவர் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்.

எழுதி வைக்க கூகுள் ஷீட்தான் என் தேர்வு. போனிலேயே நின்ற இடத்தில் பதியலாம்.

படி 3: எதால் வகுப்பது?

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். முதல் மாடலில் 9 தடவை வண்டி நின்றிருந்தது, இரண்டாவதில் 4 தடவை. இரண்டாவதுதான் நல்ல வண்டி என்று மச்சானிடம் சொல்லியும்விட்டேன். இரவு பட்டியலை மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது: முதல் மாடலில் 12 வண்டிகள், ஒவ்வொன்றும் சுமார் 3 வருடம் ஓடியவை. இரண்டாவதில் 10 வண்டிகள், சராசரியாகப் பத்தே மாதம்.

வண்டிகளின் வயதையெல்லாம் கூட்டுங்கள். அதை வண்டி-வருடம் என்று சொல்லலாம். முதல் மாடலுக்கு 36. இரண்டாவதுக்கு 100 மாதம், அதாவது 8.3. இப்போது வகுத்தால் 9 ÷ 36 = 0.25, 4 ÷ 8.3 = 0.48. முதலாவது நாலு வருடத்துக்கு ஒரு தடவை நிற்கிறது, இரண்டாவது இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. முடிவு தலைகீழாகிவிட்டது.

வயதையும் சமப்படுத்த வேண்டும். புது வண்டியில் ஆரம்பக் கோளாறுகள் வரும், பழசில் தேய்மானம் வரும். முதல் மாடலின் முதல் 12 மாதத்தை மட்டும் எடுத்து, இரண்டாவதோடு வைத்துப் பாருங்கள்.

படி 4: கணக்கை எவ்வளவு நம்பலாம்?

எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கி, அதே எண்ணிக்கையோடு கூட்டவும் கழிக்கவும் செய்யுங்கள். உண்மை நிலவரம் பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். 9 என்றால் 3 முதல் 15 வரை. 4 என்றால் 0 முதல் 8 வரை. இவற்றை வண்டி-வருடத்தால் வகுத்தால் முதல் மாடல் 0.08 முதல் 0.42 வரை, இரண்டாவது 0 முதல் 0.96 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. இத்தனை சின்னப் பட்டியலை வைத்து எது மேல் என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஒரு பழுதும் இல்லை என்றாலும் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். 3ஐ வண்டி-வருடத்தால் வகுத்தால் வருவதுதான் மேல் எல்லை. 10 வண்டி-வருடம் பழுதில்லாமல் போயிருந்தாலும், வருடத்துக்கு 0.3 வரை இருக்க வாய்ப்புண்டு.

எனக்குக் கடைசியில் கைகொடுத்தது, வண்டி கையில் இல்லாத நாட்கள் என்ற பத்தி. ஒரு வண்டி இரண்டு தடவை நின்று அன்றே திரும்பிவிடும். இன்னொன்று ஒரே தடவை நின்று, உதிரிபாகத்துக்காக 40 நாள் சர்வீஸ் சென்டரில் கிடக்கும். குடும்பத்துக்கு எது வலிக்கும்? எந்த ஆய்வும் இதை முதல் வரியில் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படி 5: பெரிய பேட்டரி

இது பட்டென்று செத்துப்போவது அபூர்வம்; மெல்லத் தேயும். அதனால் தனித்தாளில் எழுதுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இது முக்கியம். 2012இல் அமெரிக்காவின் அரிசோனாவில் நிசான் லீஃப் வைத்திருந்தவர்கள், ஒன்றிரண்டு வருடத்திலேயே பேட்டரி அளவு குறைவதைக் கண்டு புகார் செய்தார்கள். அந்தப் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது.

டாஷ்போர்டில் வரும் கிலோமீட்டரை நம்ப வேண்டாம். நேற்று ஓட்டிய விதத்தைப் பொறுத்து அது மாறும். 20 சதவீதத்திலிருந்து 80 வரை வீட்டில் சார்ஜ் போட்டு, மீட்டரில் ஏறிய யூனிட்டைக் குறியுங்கள். சுமார் 10 சதவீதம் வழியிலேயே வெப்பமாகப் போகும் என்று கழித்து, மீதியை 0.6ஆல் வகுத்தால் மொத்தக் கொள்ளளவு தோராயமாக வரும். 20 யூனிட் ஏறினால் 18, வகுத்தால் 30. ஓபிடி டாங்கிள் (காரில் செருகினால் பேட்டரி விவரங்களைப் போனில் காட்டும் சின்னக் கருவி) வாங்கினால் இன்னும் சுலபம்தான். ஆனால் பார்த்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்தால் அதே 12 வோல்ட் பேட்டரியை உறிஞ்சும்.

படி 6: ரீகால்

ரீகால் என்றால், குறையைச் சரிசெய்ய கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைப்பது. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், காரணத்தைப் படியுங்கள். 2023 டிசம்பரில் டெஸ்லா அமெரிக்காவில் 20 லட்சம் கார்களுக்கு அறிவித்த ரீகால் மென்பொருள் அப்டேட்டாக இணையம் வழியாகவே போய்ச் சேர்ந்தது. செவர்லே போல்ட்டில் தீப்பிடிக்கும் அபாயத்துக்காகப் பேட்டரியையே மாற்ற வேண்டியிருந்தது. 2024இல் இந்தியாவில் 1,744 ஹூண்டாய் அயோனிக் 5 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டதற்குக் காரணம், 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி. முதல் படியில் சொன்ன சின்ன பேட்டரியேதான் மறுபடியும்.

பின்சேர்க்கை 1: டாக்ஸி ஓட்டும் ஒரு வாசகர், "நான் வருஷத்துக்கு 60,000 ஓட்டுறேன், என்னை எங்க சேர்ப்பீங்க?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 10,000 கிலோமீட்டருக்கு எத்தனை என்றும் ஒரு பத்தி போடுங்கள். தேய்மானத்துக்குக் கிலோமீட்டர் சரி. 12 வோல்ட் பேட்டரிக்கு வருடம்தான் சரி.

பின்சேர்க்கை 2: இன்னொருவர் எழுதியது என் பட்டியலையே மாற்றிவிட்டது. இரண்டு மாதம் சர்வீஸ் சென்டரில் கிடந்த வண்டியை அவர் விற்றுவிட்டாராம். விற்றவர் சார்ஜிங் நிலையத்துக்கு வருவாரா? நான் கேட்டதெல்லாம் இன்னும் வைத்திருப்பவர்களிடம் மட்டும். பழைய கார் புரோக்கர்கள் வழியாக விற்றவர்களையும் தேடினேன், மூன்று பேர் கிடைத்தார்கள். மூன்று பேருமே முதல் மாடல்காரர்கள். அவர்களைச் சேர்த்ததும் அந்த மாடலின் கையில் இல்லாத நாட்கள் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டன. உங்கள் பட்டியலில் விற்றவர்களுக்கு முதலிலேயே இடம் ஒதுக்கிவிடுங்கள்.