வாக்குரிமையைக் காக்கும் சட்டத் திருத்தத்தைக் கோருவது எப்படி?

பட்டியலில் பெயர் இல்லை என்று வாக்குப்பதிவு நாளன்று திருப்பி அனுப்பப்படுபவரின் கோபம் பெரும்பாலும் வாக்குச்சாவடியில் அமர்ந்திருக்கும் அலுவலர் மீதே விழுகிறது. ஆனால் அன்று அவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்று 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 23ஆம் பிரிவில் தடுத்திருக்கிறது. அநீதி நிகழ்ந்த இடம் வேறு, அது வெளியே தெரிகிற இடம் வேறு. தேர்தல் சட்டங்களை மாற்றக் கோருபவர்கள் முதலில் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். எந்த ஏட்டின் எந்த வரி ஒருவரைத் தடுத்தது என்பதைச் சுட்டாத கோரிக்கை, எத்தனை ஆயிரம் கையெழுத்துகளோடு போனாலும், பதிலளிக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் கிடந்துவிடும். இந்த வழிகாட்டி நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கானது.

தடை எந்த அடுக்கில் இருக்கிறது?

நம் தேர்தல் முறை மூன்று அடுக்குகளில் எழுதப்பட்டிருக்கிறது. முதலாவது சட்டம்: வாக்காளர் பட்டியலுக்கு 1950ஆம் ஆண்டுச் சட்டமும், தேர்தலை நடத்துவதற்கு 1951ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன, இவற்றை நாடாளுமன்றம் மட்டுமே திருத்த முடியும். இரண்டாவது விதிகள்: 1960ஆம் ஆண்டின் வாக்காளர் பதிவு விதிகளையும் 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளையும் தேர்தல் ஆணையத்தைக் கலந்து மத்திய அரசே அரசிதழ் அறிவிக்கை மூலம் மாற்றலாம். மூன்றாவது, அரசியலமைப்பின் 324ஆம் உறுப்பு தரும் அதிகாரத்தின்படி ஆணையம் பிறப்பிக்கும் அறிவுறுத்தல்கள்.

ராணுவத்தில் பணியாற்றும் ஆணின் மனைவி அவரோடு சேர்ந்து படைப்பிரிவு வாக்காளராக (பணியிடம் எங்கிருந்தாலும் சொந்த ஊர்ப் பட்டியலில் இடம்பெறுபவராக) பதிவு செய்துகொள்ளலாம். பெண் அதிகாரியின் கணவருக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் இருந்தது. 'மனைவி' என்ற சொல் சட்டத்திலேயே இருந்ததால், அதை 'வாழ்க்கைத் துணை' என்று மாற்ற 2021ஆம் ஆண்டின் தேர்தல் சட்டங்கள் திருத்தச் சட்டம் தேவைப்பட்டது. ஆனால் முதியோர் வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி விதித் திருத்தத்தால் வந்தது. 2019இல் 80 வயதைக் கடந்தவர்களுக்கு அது வழங்கப்பட்டது. 2024இல் அந்த வயது வரம்பு 85 ஆக உயர்த்தப்பட்டதும் விதித் திருத்தத்தால்தான். அதனால் இடைப்பட்ட வயதினர் அந்த வசதியை இழந்தார்கள். விதியால் வருவது விரைவில் வரும், விரைவில் போகவும் கூடும். நிலைத்து நிற்க வேண்டிய பாதுகாப்புகளைச் சட்டத்திலேயே எழுதும்படி கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பகுப்பை நன்கு செய்தால் சில கோரிக்கைகள் நாம் நினைத்ததைவிட எளிது என்று தெரியவரும். புலம்பெயர்ந்த தொழிலாளரை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் பின்னலாடை வேலை செய்யும் ஒடிசாக்காரரும், பெங்களூருவில் கட்டட வேலை செய்யும் தருமபுரிக்காரரும் வாக்களிக்க வேண்டுமானால் கூலியையும் பயணச் செலவையும் இழந்து ஊர் திரும்ப வேண்டியிருக்கிறது. தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம் ஒன்றை உருவாக்கி 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட ஆணையம் முயன்றது. கட்சிகளின் எதிர்ப்பால் அது அத்துடன் நின்றது. இதற்கு நாடாளுமன்றம்தான் வழி காண வேண்டும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60ஆம் பிரிவின் (இ) உட்பிரிவு, ஒரு வகையினரை அரசைக் கலந்து தேர்தல் ஆணையம் அறிவித்தால் அவர்கள் தபால் மூலம் வாக்களிக்கலாம் என்று ஏற்கெனவே சொல்கிறது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்த வசதி கிடைத்தது இந்தப் பிரிவின் வழியாகத்தான்; மேலே சொன்ன விதித் திருத்தம் அதற்குத் துணையாக வந்தது. எனவே பதிவு பெற்ற புலம்பெயர் தொழிலாளரை ஒரு வகையினராக அறிவிக்கும்படி ஆணையத்தையும் மத்திய சட்ட அமைச்சகத்தையும் நேரடியாகக் கேட்கலாம். முதலாளியோ ஒப்பந்தக்காரரோ வாக்குச்சீட்டைப் பறித்துக்கொள்ளாமலிருக்க என்ன ஏற்பாடு என்பதையும் அதே மனுவில் எழுதுங்கள். எதிர்ப்பவர்கள் எழுப்பும் நியாயமான கேள்வி அதுதான்.

சிறைவாசிகளின் நிலை வேறு. சிறையிலோ காவல்துறையின் சட்டபூர்வக் காவலிலோ இருப்பவர் வாக்களிக்கக் கூடாது என்கிறது அதே 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு. தடுப்புக் காவலில் இருப்பவருக்கு மட்டுமே விலக்கு. உச்ச நீதிமன்றம் 1997இல் இதைச் செல்லும் என்றது. 2013ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, காவலில் இருப்பதாலேயே ஒருவர் தேர்தலில் போட்டியிடும் தகுதியை இழப்பதில்லை. சிறைக்குள்ளிருந்து வாக்குக் கேட்கலாம், வாக்களிக்க முடியாது. நம் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பான்மையோர் குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகள். இதை மாற்ற நாடாளுமன்றத்தைத் தவிர வேறு வழியில்லை.

பெயர் நீக்கம்

எல்லாவற்றிலும் அதிக மக்களைப் பாதிப்பது இதுவே. முதல் பொதுத்தேர்தலின்போதே, தம் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிவு செய்திருந்த சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்டார்கள். 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, குடிபெயர்ந்துவிட்டார் என்றோ தகுதியற்றவர் என்றோ ஒருவரை நீக்குவதற்கு முன் அவருடைய தரப்பைக் கேட்க வேண்டும் என்று பதிவு அலுவலருக்குக் கட்டளையிடுகிறது. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரின் குடியுரிமையைச் சந்தேகித்தாலும் உரிய விசாரணை வேண்டும் என்று 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் அதே சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பட்டியலையே புதிதாகத் தயாரிக்கும்போது, கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பித் திருப்பித் தராதவரின் பெயர் வரைவில் ஏறாமலே போகிறது; தனிப்பட்ட அறிவிப்பும் விசாரணையும் அந்தக் கட்டத்தில் அவருக்குக் கிடைப்பதில்லை. 2025இல் பீகாரில் நடந்த வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் சுமார் 65 லட்சம் பெயர்கள் வரைவில் இல்லை. அந்தப் பெயர்களைக் காரணத்தோடு வெளியிட வேண்டும் என்று ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே யார் எதற்காக விடுபட்டார்கள் என்பது ஊராருக்குத் தெரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டிலும் அத்தகைய திருத்தம் தொடங்கியது. நீதிமன்றம் ஒரு மாநிலத்துக்குச் சொன்னதை எல்லாத் திருத்தங்களுக்கும் பொருந்தும் சட்டமாக்கக் கேட்பதே இன்று முதன்மையான கோரிக்கையாக இருக்க வேண்டும்.

சான்றுகளைத் திரட்டுதல்

ஒரு வாக்குச்சாவடியின் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் அருகருகே வைத்து விடுபட்ட பெயர்களைக் குறித்து, வீடு வீடாகப் போய், இறந்தவர், குடிபெயர்ந்தவர், அங்கேயே வசிப்பவர் என்று பிரித்து எழுதுங்கள். அங்கேயே வசித்தும் விடுபட்டவர்களே உங்கள் சான்று. அவர்களைப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6இல் விண்ணப்பிக்கச் செய்து, விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெறுங்கள். மறுப்பு ஆணை பிறப்பிக்கப்பட்ட 15 நாள்களுக்குள் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமும், அதன்பின் 30 நாள்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டில் தோற்றாலும் அந்த ஆணையைப் பத்திரமாக வைத்திருங்கள். சட்டத்தின் எந்த வரி ஒரு குடிமகனைத் தடுத்தது என்பதை அரசே கையெழுத்திட்டுத் தந்த ஆவணம் அது. வாய்மொழியாகச் சொல்லப்பட்ட மறுப்பால் எதையும் நிறுவ முடியாது.

ஒரே ஆள் பலருடைய பெயரை நீக்கக் கோரிப் படிவம் 7இல் ஆட்சேபம் தந்திருந்தால், அவற்றின் நகல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். பொய்யான உறுதிமொழி அளிப்பது அதே சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். விடுபட்டவர்களின் ஒப்புதல் இல்லாமல் அவர்களுடைய முகவரியையோ அடையாள எண்ணையோ மனுவில் சேர்க்காதீர்கள்.

மனுவை எழுதி அனுப்புதல்

இரண்டு பக்கங்களுக்கு மேல் வேண்டாம். இப்போதுள்ள பிரிவு, அது தடுத்த மனிதர்களின் எண்ணிக்கை, அதற்குப் பதிலாக வேண்டும் வாசகம் ஆகிய மூன்றும் போதும். வாசகத்தை நீங்களே எழுதித் தர வேண்டும். எடுத்துக்காட்டாக: "21ஆம் பிரிவின்படியான எந்தத் திருத்தத்திலும், முந்தைய பட்டியலில் இருந்த ஒருவரின் பெயர் வரைவில் விடுபடுமானால், காரணத்தைக் குறிப்பிட்டு அவருக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்பி, அவரது தரப்பைக் கேட்ட பின்னரே இறுதிப் பட்டியல் வெளியிடப்பட வேண்டும்." சட்ட நடையில் குறை இருந்தால் வரைவாளர்கள் திருத்திக்கொள்வார்கள்.

சட்டத் திருத்தம் என்றால் மனு முதலில் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் போகட்டும். அவர் கேள்வி எழுப்பலாம், தனிநபர் மசோதா கொண்டுவரலாம், மக்களவைக்கு நீங்கள் அனுப்பும் மனுவில் மேலொப்பமும் இடலாம். தனிநபர் மசோதாக்கள் நிறைவேறுவது மிக அரிது என்றாலும் அவற்றைப் பயனற்றவை என்று தள்ளிவிடக் கூடாது. மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியதும், அந்தப் பொருளில் அரசே மசோதா கொண்டுவர வேண்டியதாயிற்று. சட்டம், நீதி தொடர்பான நாடாளுமன்ற நிலைக்குழு கருத்துக் கேட்கும்போது அதற்கும் எழுதுங்கள். விதித் திருத்தம் என்றால் மத்திய சட்ட அமைச்சகத்துக்கும் ஆணையத்துக்கும், அறிவுறுத்தல் என்றால் தலைமைத் தேர்தல் அதிகாரி வழியாக ஆணையத்துக்கும் அனுப்ப வேண்டும். ஊராட்சி, நகராட்சித் தேர்தல்களுக்கு இந்த வழி பொருந்தாது; அவற்றின் சட்டம் மாநிலச் சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது.

காலம்

தேர்தல் அறிவிக்கப்பட்ட பிறகு நீதிமன்றத்துக்குப் போவதில் பயன் குறைவு. நாமக்கல் தொகுதியில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி தொடுத்த வழக்கில், தேர்தல் தொடங்கிவிட்டால் இடையில் தலையிட முடியாது, முடிந்த பின் முடிவை எதிர்க்கும் தேர்தல் மனுதான் வழி என்று 1952இல் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 329ஆம் உறுப்பைக் காட்டிச் சொன்னது; இன்றுவரை அதுவே நிற்கிறது. அத்தகைய மனுவை முடிவு அறிவிக்கப்பட்ட 45 நாள்களுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். ஆகையால் வரைவுப் பட்டியல் வெளியான வாரத்திலேயே ஒப்பிடும் பணியைத் தொடங்குங்கள். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள் என்று 18 வயது நிறைவைக் கணக்கிட ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள் இருப்பதால், தேர்தல் இல்லாத ஆண்டிலும் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கிறது. உங்கள் கோரிக்கை மனுவையும் மேல்முறையீட்டு ஆணைகளின் நகல்களையும் அந்த ஆண்டிலேயே அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்து, 30 நாள்கள் கழித்து அதன்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள்.