உள்ளே விடாத கம்ப்யூட்டர்: முதல் அரைமணி நேரத்தில் செய்யக் கூடாதவை

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பாவிடமிருந்து போன் வந்தால் இரண்டே காரணம்தான். ஊரில் யார் வீட்டிலாவது கல்யாணம், இல்லையென்றால் அவருடைய லேப்டாப். போன மாதம் லேப்டாப்.

“டேய், பாஸ்வேர்ட் சரியாத்தான் போடறேன். உள்ள விட மாட்டேங்குது.”

“அது கேக்கறது பாஸ்வேர்டா, பின்னா சித்தப்பா?”

“எல்லாம் ஒண்ணுதானேடா.”

ஒன்றில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர் லாகின் தகராறுகளில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மூன்று வேறு சாவிகள் புழங்குகின்றன. அந்த மெஷினில் மட்டுமே இருக்கும் லோக்கல் கணக்கின் பாஸ்வேர்ட் ஒன்று. மின்னஞ்சல் முகவரியோடு வரும் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்ட் இன்னொன்று. மூன்றாவது பின் எண். அது அந்த ஒரு மெஷினை விட்டு எங்கேயும் போகாது. அதனால் போனில் மைக்ரோசாஃப்ட் பாஸ்வேர்டை மாற்றினாலும் பழைய பின் அப்படியே வேலை செய்யும். ஒரு லேப்டாப்பின் பின்னை இன்னொரு லேப்டாப்பில் போட்டால் வேலை செய்யாது. பெட்டிக்குள் மங்கலாக என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் தட்டிக்கொண்டே இருப்பதுதான் முதல் தவறு. சித்தப்பாவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இனி யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது அதுதான்: படம் அனுப்புங்கள், அப்புறம் பேசலாம்.

படத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்கிரீனின் வலது கீழ் மூலையில் ஆங்கிலத்துக்குப் பதில் தமிழ் இருந்தது. குடும்ப வாட்ஸ்அப்புக்காகத் தமிழ் 99 கீபோர்ட் போட்டு வைத்திருந்தார். அவர் ஆங்கில எழுத்தென்று நினைத்துத் தட்டியதெல்லாம் தமிழ் எழுத்துகளாக விழுந்திருக்கின்றன. பாஸ்வேர்ட் பெட்டியில் கறுப்புப் புள்ளிகள் மட்டும்தானே தெரியும். விண்டோஸ் விசையை அழுத்தியபடி ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொழி மாறிவிடும். பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் அடையாளத்தை அழுத்திப் பிடித்தால் என்ன விழுந்திருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம். தமிழில் தட்டச்சு செய்கிற எல்லோருக்கும் இது ஒரு நாள் நடக்கும். கேப்ஸ் லாக், பெரிய கீபோர்டுகளில் எண் விசைகளை இயக்கும் ‘நம் லாக்’, தேய்ந்துபோன ஒரு விசை, இதெல்லாமும் இதே ரகம்தான். விசை சந்தேகமாக இருந்தால் லாகின் ஸ்கிரீனின் கீழ் மூலையில் உள்ள அணுகல் அடையாளத்தைத் தொட்டு, ஸ்கிரீனிலேயே வரும் கீபோர்டில் மவுஸால் அழுத்திப் பாருங்கள்.

இப்படிப் பார்க்காமல் திரும்பத் திரும்பத் தட்டினால் என்ன ஆகும்? மெஷின் உங்களைத் திருடன் என்று நினைக்கத் தொடங்கும். பின்னைச் சில முறை தப்பாகப் போட்டால் ‘ஏ1பி2சி3’ என்று தட்டச் சொல்லும். நிறைய பேர் இதை வைரஸ் என்று பயந்து பிளக்கைப் பிடுங்குகிறார்கள். உங்கள் கீபோர்ட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அது சோதிக்கிறது, அவ்வளவுதான். லோக்கல் கணக்காக இருந்தால், புதிதாக நிறுவிய விண்டோஸ் 11-இல் 10 தவறான முயற்சிக்குப் பிறகு கணக்கு 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும். அந்தப் பத்து நிமிடம் எழுந்து போய் ஒரு காபி குடிப்பதே சரியான வைத்தியம்.

பின்னுக்குக் காவல் இன்னும் கடுமை. மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் 32 தவறுகள் சேர்ந்தால் தானும் பூட்டிக்கொண்டு, 10 நிமிடத்துக்கு ஒன்றாகத்தான் அவற்றை மறக்கும். அணைக்காமல் குறைந்தது 2 மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள் என்று செய்தி வருவது இதனால்தான். மெஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அணைத்து வைத்துவிட்டுத் தூங்கப் போய்க் காலையில் வந்து பார்த்தால் பெரிய பலன் இருக்காது.

மறந்தே போய்விட்டது என்றால் பின் பெட்டிக்குக் கீழே ‘ஐ ஃபர்காட் மை பின்’ இருக்கிறது. ஆனால் அது மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும், ஓடிபி அனுப்பும், அதற்கு இணையம் வேண்டும். பலர் போனிலேயே பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, கம்ப்யூட்டருக்கு வைஃபை இல்லாமலே புதியதைப் போட்டுப் பார்த்து, “மாத்தியும் வேலை செய்யல” என்பார்கள். இணையம் இல்லாத மெஷினுக்கு நீங்கள் மாற்றியது எப்படித் தெரியும்? அது பழையதைத்தான் ஏற்கும். லாகின் ஸ்கிரீனிலேயே வைஃபை அடையாளம் உண்டு. முதலில் அதை இணையுங்கள். ஓடிபி போக வேண்டிய எண் நீங்கள் எப்போதோ கைவிட்ட சிம் என்றால் இன்னொரு தவறு காத்திருக்கிறது. அவசரத்தில் பாதுகாப்பு விவரங்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றக் கொடுத்தால் மைக்ரோசாஃப்ட் 30 நாள் காத்திருக்க வைக்கும். பழைய மாற்று மின்னஞ்சல் ஏதாவது இன்னும் திறக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

லோக்கல் கணக்கென்றால், அமைக்கும்போது கொடுத்த மூன்று பாதுகாப்புக் கேள்விகள் கைகொடுக்கும். வீட்டில் இன்னொருவருக்கு அட்மின் கணக்கு இருந்தால் அவர் உங்கள் பாஸ்வேர்டை மாற்றித் தரலாம். ஆனால் அப்படி வெளியிலிருந்து மாற்றினால், விண்டோஸின் கோப்புப் பூட்டை நீங்கள் பயன்படுத்தியிருந்தால் அந்தக் கோப்புகளும், சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் கைக்கு வராமல் போகலாம். ஞாபகப்படுத்த இன்னும் ஒரு மணி நேரம் முயன்று பார்ப்பதில் தப்பில்லை.

இனி, பழைய கைவைத்தியம் ஒன்று. ‘மதர்போர்ட் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பாஸ்வேர்ட் போய்விடும்’ என்று இன்றும் சொல்கிறார்கள். பழைய டெஸ்க்டாப்களில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்ட் அப்படிப் போனது உண்மை. விண்டோஸ் 95, 98 காலத்தில் லாகின் பெட்டியில் கேன்சல் அழுத்தினாலே உள்ளே போய்விடலாம்! அந்தக் காலம் போய்விட்டது. இன்றைய விண்டோஸ் பாஸ்வேர்ட் டிஸ்க்கில் இருக்கிறது. பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. (அந்தச் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துபோய் மெஷினின் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால், இணையப் பக்கங்கள் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கும். அதற்குப் புதுப் பேட்டரி போடுவது நியாயம்.) பாஸ்வேர்டைப் போக்கப் பயாஸில் கைவைப்பதும், டிபிஎம்மை அழிப்பதும், டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டுவதும் இப்போது நேர்மாறான பலனைத் தரும். நீல ஸ்கிரீன் ஒன்று வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். டிஸ்க் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக அமைத்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால், நீங்கள் கேட்காமலே இந்தப் பூட்டு போடப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே, டிவைஸ் விவரங்களுக்குள் இருக்கும். வேறு போனில் நுழைந்து பார்க்கலாம். பல சாவிகள் வரிசையாக இருந்தால், நீல ஸ்கிரீனில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் 8 எழுத்துகளை ஒப்பிட்டுச் சரியானதை எடுங்கள். எந்தக் கணக்கிலும் சாவி இல்லை, காகிதத்திலும் இல்லை என்றால் டிஸ்க்கில் இருப்பதை எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. முடியும் என்று சொல்பவரிடம் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள்.

கடை என்றதும் ஞாபகம் வருகிறது. “ஃபார்மட் போட்டுடலாம் சார்” என்பது அங்கே பதில் அல்ல, பழக்கம். என் நண்பர் ஒருவர் இப்படித்தான் ஐந்து வருடப் புகைப்படங்களை இழந்தார். அவருடைய பிரச்சினை கடைசியில் வேலை செய்யாத ஒரு விசை.

உள்ளே போன பிறகு மாட்டுகிற பொறி ஒன்றும் இருக்கிறது. லாகின் ஆகிறது, ஆனால் டெஸ்க்டாப் காலி, வால்பேப்பர் இல்லை, கோப்புகள் இல்லை. மூலையில் தற்காலிகப் புரொஃபைல் என்று ஒரு செய்தி. நண்பரின் மகள் இதைப் பார்த்து, “சரி, புதுசா ஆரம்பிப்போம்” என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்து புராஜெக்ட் அடித்து டெஸ்க்டாப்பில் சேமித்தாள். சைன் அவுட் செய்ததும் அத்தனையும் போயிற்று. தற்காலிகப் புரொஃபைல் அப்படித்தான், வெளியேறினால் அழிந்துவிடும். அவளுடைய பழைய கோப்புகள் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பத்திரமாகவே இருந்தன. அங்கே போய் இருப்பதைப் பென்டிரைவில் நகல் எடுத்துவிட்டு ஓரிரு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பல நேரம் தானாகவே சரியாகிவிடும். பழைய ஃபோல்டர் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கிற பழக்கம் இந்த நிலைக்கு ஒரு முக்கியக் காரணம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு தவறு மட்டும் பணத்தோடு போகும். பதற்றத்தில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று கூகுளில் தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் போன் செய்வது. எதிர்முனை அன்பாகப் பேசும், தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் செயலியை நிறுவச் சொல்லும், அப்புறம் வங்கிக் கணக்கு. உண்மையான மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கைச் செய்திகளில் போன் எண் இருக்காது. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு அழையுங்கள். இது இந்தியாவின் சைபர் மோசடி உதவி எண். லாகினை உடைக்க இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களையும் இதே கணக்கில் வைக்கலாம்.

சித்தப்பாவுக்கு அன்று போனிலேயே மொழியை மாற்றிக் கொடுத்தேன், உள்ளே போய்விட்டார். அடுத்த வாரம் நேரில் போனபோது சித்தி பெயரில் இன்னொரு அட்மின் கணக்கு திறந்தேன். மீட்புச் சாவியின் 48 இலக்கத்தையும் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தேன். அதை லேப்டாப் பைக்குள்ளேயே வைக்கப் போனார். “பையோட போயிட்டா?” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பீரோவைத் திறந்து ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்தார்.