ஈட்டிய விடுப்பை எப்படிச் சேர்ப்பது, எப்படிப் பணமாக்குவது: மத்திய அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்தோருக்கு

மத்திய சிவில் பணிகள் (விடுப்பு) விதிகள், 1972 என்பதன் கீழ் வரும் ஊழியர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கும் ஈட்டிய விடுப்பு உண்டு என்றாலும், அங்கே சேமிப்பின் உச்சவரம்பு 240 நாட்கள். சரண்டர் செய்யும் முறையும் வேறு. எனவே இங்குள்ள எண்களை அப்படியே அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விடுப்புக் கணக்கை அலுவலகம் பணிப்பதிவேட்டுடன் வைத்துப் பராமரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் முப்பது ஆண்டுகளில் எத்தனை எழுத்தர்களின் கை மாறி அந்தப் பதிவேடு வரும் என்பதை எண்ணிப் பார்த்தால், சொந்தமாக ஒரு பிரதி வைத்திருப்பதன் அருமை புரியும்.

படி 1: வரவு எழுதுதல்

ஆண்டுக்கு 30 நாட்கள் ஈட்டிய விடுப்பு. அது ஜனவரி 1 அன்று 15, ஜூலை 1 அன்று 15 என இரு தவணைகளாக முன்கூட்டியே வரவு வைக்கப்படும். அரையாண்டின் நடுவில் பணியில் சேர்ந்தால், முழுமையாகப் பணியாற்றும் ஒவ்வொரு நாட்காட்டி மாதத்துக்கும் இரண்டரை நாட்கள் கிடைக்கும். மார்ச் 12 அன்று சேர்ந்தவருக்கு மார்ச் மாதம் கணக்கில் வராது. ஏப்ரல், மே, ஜூன் ஆகிய மூன்று மாதங்களுக்கு ஏழரை நாட்கள், அதை முழுமையாக்கி 8 நாட்கள் என எழுத வேண்டும். பிறகு ஜூலை 1 அன்று வழக்கமான 15 சேரும்.

பலர் கவனிக்காமல் விடும் வரவு ஒன்று உண்டு. பொதுநலன் கருதி இடமாற்றம் செய்யப்பட்டவர், புதிய இடத்தில் சேரத் தமக்கு அனுமதிக்கப்பட்ட பணியேற்பிடைக் காலத்தை (ஜாயினிங் டைம்) முழுதும் பயன்படுத்தாமல் அங்கே சேர்ந்துவிட்டால், பயன்படுத்தாத நாட்கள் ஈட்டிய விடுப்பாகக் கணக்கில் சேரும். 10 நாட்கள் தரப்பட்டு, இரண்டே நாட்களில் பணியேற்றால் 8 நாட்கள் வரவு. எனக்குத் தெரிந்த ஒருவர் இதைப் பதினொரு ஆண்டுகள் கழித்துத்தான் கேட்டுப் பெற்றார். அதற்குள் பழைய ஆணையைத் தேடி எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது.

படி 2: கழிவு எழுதுதல்

தற்செயல் விடுப்பு இந்தக் கணக்கில் வராது. சம்பளமில்லாத அசாதாரண விடுப்பு எடுத்திருந்தால், அதில் பத்தில் ஒரு பங்கு அடுத்த அரையாண்டின் வரவில் கழிக்கப்படும். இக்கழிவு 15 நாட்களுக்கு மேல் போகாது. 40 நாட்கள் அவ்விடுப்பில் இருந்தவருக்கு அடுத்த தவணையில் 15-க்குப் பதில் 11 நாட்களே கிடைக்கும்.

விண்ணப்பம் எழுதும்போதும் கவனம் வேண்டும். விடுப்புக்கு முன்னும் பின்னும் வரும் விடுமுறை நாட்களை அனுமதி பெற்று இணைத்துக்கொண்டால் அவை கழிக்கப்படுவதில்லை. இடையில் சிக்கும் விடுமுறை நாட்கள் கழிக்கப்படும். வாரத்தில் ஐந்து நாள் வேலை உள்ள அலுவலகத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை எடுத்தால் கழிவது 5 நாட்கள், வீட்டில் இருப்பதோ 9 நாட்கள். வெள்ளியும் திங்களும் எடுத்தால் வேலை நாள் இரண்டுதான், கழிவதோ 4.

படி 3: 300 என்ற எல்லை

சேமிப்பின் உச்சவரம்பு 300 நாட்கள். ஆரம்ப ஆண்டுகளில் இது தொலைதூரக் கதையாகத் தோன்றும். ஆனால் விடுப்பே எடுக்காதவர் பத்தே ஆண்டுகளில் அங்கு வந்து நிற்பார். அதற்குப் பின் அவர் எடுக்காத விடுப்பெல்லாம் வீண்.

இருப்பு 285-ஐத் தாண்டியதும் கணக்கு எழுதும் முறை மாறுகிறது. டிசம்பர் 31 அன்று 292 நாட்கள் இருந்தால், ஜனவரி 1 அன்று அதை 307 என்று எழுதக் கூடாது. 292+15 என்று தனித்தனியாக எழுத வேண்டும். அந்த அரையாண்டில் எடுக்கும் விடுப்பு முதலில் தனியாக உள்ள 15-இல்தான் கழியும். 10 நாட்கள் எடுத்தால் மீதி 5, ஜூன் முடிவில் இருப்பு 297. ஒரு நாளும் எடுக்காவிட்டால் 300 மட்டுமே நிற்கும், 7 நாட்கள் காலாவதியாகும். ஆகவே 290-ஐ நெருங்கியவர் ஜூன், டிசம்பர் மாதங்களுக்கு முன்பாகவே கணக்கைப் பார்த்துவிட்டு விடுப்புக்குத் திட்டமிடுவது நல்லது.

படி 4: பணியில் இருக்கும்போதே பணமாக்குதல்

விடுமுறைப் பயணச் சலுகை, அதாவது எல்.டி.சி., பெறும்போது ஒரு தடவைக்கு 10 நாட்கள் வரை ஒப்படைத்துப் பணம் பெறலாம். பணிக்காலம் முழுதுக்கும் சேர்த்து 60 நாட்களே வரம்பு. ஒப்படைத்த பிறகும் கணக்கில் குறைந்தது 30 நாட்கள் இருக்க வேண்டும். இந்த 60 நாட்கள் ஓய்வின்போது பணமாகப் பெறும் 300 நாள் வரம்பிலிருந்து கழிக்கப்படுவதில்லை என்பதால், தகுதி இருந்தும் இதைப் பயன்படுத்தாமல் விடுவது, என் பார்வையில், வீண் இழப்பு. இத்தொகைக்கு வருமான வரி உண்டு.

படி 5: ஓய்வுபெறும்போது

அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 30-ஆல் வகுத்து, இருப்பு நாட்களால் பெருக்க வேண்டும். வீட்டு வாடகைப்படி இதில் சேராது. 300-க்குக் குறைந்தால், பற்றாக்குறையை அரைச் சம்பள விடுப்பைக் கொண்டு நிரப்பலாம்.

60,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துடன் 2025 டிசம்பர் 31 அன்று ஓய்வுபெறுபவரை எடுத்துக்கொள்வோம். அப்போதைய 58 விழுக்காடு அகவிலைப்படி 34,800, கூட்டுத்தொகை 94,800, ஒரு நாளுக்கு 3,160 ரூபாய். ஈட்டிய விடுப்பு 250 நாட்கள் என்றால் 7,90,000 ரூபாய். அரைச் சம்பள விடுப்பு 80 நாட்கள் இருந்தாலும் 50 நாட்களுக்கே இடம் உண்டு. பாதிச் சம்பளம் 30,000, அதற்கான அகவிலைப்படி 17,400, ஒரு நாளுக்கு 1,580. ஐம்பது நாட்களுக்கு 79,000. ஆக மொத்தம் 8,69,000 ரூபாய். அரசு ஊழியர் ஓய்வின்போது பெறும் இத்தொகைக்கு வருமான வரி முழுதும் விலக்கு.

பணிக்காலத்தில் இறப்பவரின் குடும்பத்துக்கும் இதே 300 நாள் வரம்புக்குள் தொகை வழங்கப்படும். ஒழுங்கு நடவடிக்கையோ குற்ற வழக்கோ நிலுவையில் இருக்கும்போது ஓய்வுபெற்றால், அரசுக்கு வரவேண்டிய தொகை ஏதும் இருக்கலாம் என்று கருதும் அதிகாரி, இப்பணத்தை முழுதுமாகவோ பகுதியாகவோ நிறுத்திவைக்கலாம். தாமாகவே பணியைத் துறப்பவருக்கு இருப்பில் பாதி நாட்களுக்கு மட்டுமே பணம் கிடைக்கும்; அதுவும் 150 நாட்களுக்கு மேற்படாது.